சோங்சிங்கில் நள்ளிரவு ஹாட்பாட்

சீனாவின் சோங்சிங் நகரத்துக்கு வந்த ரயில் தாமதமாகி, அறையில் பையைப் போட்டுவிட்டு நானும் நண்பரும் வெளியே வந்தபோது இரவு 11.30 தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் என்ன கிடைக்கும் என்ற கவலையோடுதான் இறங்கினோம் (மலைமேல் கட்டிய ஊர், எங்கே போனாலும் படிக்கட்டுதான்). கீழே போனால் தெரு முழுக்க ஹாட்பாட் கடைகள், அதாவது மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் நாமே வேகவைத்துச் சாப்பிடும் இடங்கள். ஒரு மேசைகூடக் காலியில்லை. பிளாஸ்டிக் முக்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகுதான் இடம் கிடைத்தது.

மேசை நடுவில் அடுப்பு, அதன்மேல் ஒன்பது கட்டமாகத் தடுத்த சட்டி. மாட்டுக் கொழுப்பு உருகிச் சிவப்பாக மினுங்க, மேலே வற்றல் மிளகாயும் சிச்சுவான் மிளகும் மிதந்து கொதிக்கின்றன. அந்த மிளகுக்கும் நம் மிளகுக்கும் உறவே கிடையாது, அது எலுமிச்சை குடும்பம். முதல் வாயிலேயே உதடு துடிக்க ஆரம்பித்து அப்புறம் நாக்கு மரத்துப்போகிறது. அந்தச் சுவைக்கு அங்கே 'மாலா' என்று பெயர். மா என்றால் மரத்துப்போவது, லா என்றால் காரம்.

மாட்டு இரைப்பை ஒரு தட்டு சொல்லியிருந்தோம். கறுப்பாக, சொரசொரவென்று, பச்சையாக வந்தது. எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று தெரியாமல் மொத்தத்தையும் ஓரக் கட்டத்தில் கொட்டப் போனேன். பக்கத்து மேசைப் பாட்டி ஒருவர் என் கையைத் தடுத்துவிட்டார். ஒரே ஒரு துண்டைச் சாப்ஸ்டிக்கில் பிடித்து, நன்றாகக் கொதிக்கும் நடுக்கட்டத்தில் முக்கி எடுத்து, முக்கி எடுத்து, விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஏழு தடவை மேலே, எட்டு தடவை கீழே, அதுதான் அங்கே கணக்கு. 15 விநாடிபோல ஆகும். அதற்கு மேல் விட்டால் ரப்பர். ஓரத்துக் கட்டங்களில் சூடு குறைவு, நிதானமாக வேக வேண்டியதற்குத்தான் அவை. பிறகு பூண்டு நசுக்கிப் போட்ட எள்ளெண்ணெயில் தோய்த்து என் தட்டில் வைத்தார். கடிக்கும்போது நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. காரம் எண்ணெயில் கரையும் என்பதால் தண்ணீரைவிட அந்த எள்ளெண்ணெய்தான் நாக்கைக் காப்பாற்றுகிறது.

யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கலக்கும் ஊர் இது. துறைமுகத்தில் படகு இழுத்தவர்களும் சுமை தூக்கியவர்களும் மலிவாகக் கிடைத்த உள்ளுறுப்புகளைக் காரக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டதில் பிறந்தது இந்தச் சட்டி என்கிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. நாள் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரியில் ஒரே சட்டியைச் சுற்றி உட்காருகிறவர்களுக்கான சாப்பாடுதான் இது. சமைத்து முடித்துத் தட்டில் வைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம். இங்கே ஒவ்வொரு வாய்க்கும் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற நேரத்தில் பேசித்தான் ஆக வேண்டும். மூன்று வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கும் நண்பர் தன் அப்பாவைப் பற்றி முதல்முதலாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

மணி இரண்டாகியும் யாரும் எங்களை எழுப்பவில்லை. சட்டி வற்றினால் ஒரு பையன் வந்து சூப் ஊற்றிவிட்டுப் போனான். பாட்டி கிளம்பும்போது எங்கள் நடுக்கட்டத்தை எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் இன்னொரு தட்டு இரைப்பை சொன்னோம்.