மூணாவது தடவைதான் மிமோசா வெதை மொளைச்சிச்சு

அப்பாடா. இருபது வெதையில ஆறு வந்துருச்சு, அதுல ரெண்டுக்குக் கொழுந்து ஊதா. அகேசியா பெய்லியானாவுல 'பர்ப்யூரியா' வகை. வெதையில போட்டா எல்லாமே ஊதாவா வராதுன்னு தெரிஞ்சுதான் எறங்கினேன், அதனால எனக்கு ரெண்டே பெரிசு. மிமோசா போட்டிருக்கேன்னதும் பக்கத்து லயத்துப் பொடியன் தொட்டாச்சிணுங்கியப் புடுங்கிட்டு வந்து நீட்டுறான். அவன் மேல தப்பில்ல, உண்மையான மிமோசா அதுதான், மிமோசான்னு சொல்லி பூக்கட்டுல வைக்கிற மஞ்சள் பந்துதான் அகேசியா.

பாடெல்லாம் அந்த வெதைத் தோலோடதான், கெட்டித் தோலு, லேசுல தண்ணிய உள்ள விடாது. முதல் எட்டையும் அடுப்புலயே வச்சி கொதிக்க விட்டுட்டேன், அவிஞ்ச பயறு. அடுத்த அஞ்சுக்குப் பயந்துக்கிட்டு வெதுவெதுன்னு ஊத்தி ராத்திரி பூரா ஊறவச்சேன், காலையில பாத்தா அப்பிடியே கறுப்புக் கல்லு. நுவரெலியா பக்கம் எங்க நானுஓயா ஒசரத்துல தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், அதான் கோளாறுன்னு எல்லார்கிட்டயும் அளந்துக்கிட்டு திரிஞ்சேன். சும்மா. அடுப்ப விட்டு எறக்கின தண்ணிய ஊத்தினாலே போதுமாம்.

மிச்சம் ஏழுக்கும் நகவெட்டி. காம்பு ஒட்டியிருந்த முனைய விட்டுட்டு எதிர்முனையில, தோலுக்குள்ள வெள்ளை லேசாத் தெரியிற அளவுக்குத்தான் நறுக்கணும், ஒரு நூல் கூடினா பருப்பு போச்சு. ஒண்ணு விரல்லருந்து தெறிச்சி அம்மா பெசஞ்சுக்கிட்டிருந்த ரொட்டி மாவுல விழுந்து, அத தேடி எடுத்து, ஏச்சும் வாங்கி, ஊறப்போட்டா காலையில ஏழும் ரெண்டு மடங்கு ஊதியிருக்கு! ஒண்ணுதான் அழுகிச்சு.

போன வருசம் வெள்ளி வாட்டல்னு (அகேசியா டியல்பேட்டா) ஒரு கடைக்காரர் வித்த பாக்கெட்டப் பத்தி சொல்லணும். வளர்ந்தா இலையில வெள்ளியே இல்ல, கிளையில வரம்பு வரம்பா எழும்பியிருக்கு, அகேசியா டெகரன்ஸ்ங்கிற வேற சாதி! அது தோட்டத்து ஓரமெல்லாம் வெறகுக்கு சும்மா நிக்கிது, அதுக்குப் போய் காசு குடுத்திருக்கேன்.

அடுத்து ஒட்டு. டியல்பேட்டாவுல 'மிராண்டோல்'ங்கிற வகைக் குச்சி எங்கயாவது கெடைக்குமான்னு பாக்குறேன். சுண்ணாம்பு மண்ணுக்காரங்க ரெட்டினோடஸ்ங்கிற இன்னொரு அகேசியா அடிமரத்துல ஒட்டுவாங்க, நம்ம தேயிலை மண்ணு புளிப்பு, அதனால டியல்பேட்டா அடிமரமே தாங்கும். ஆனா அது வேர்லருந்து கன்னு விட்டுக்கிட்டே இருக்கும், கவ்வாத்துக் கத்தியோட பின்னாடியே சுத்தணும்.

அது இருக்கட்டும், ஆறு கன்னுல மூணுக்கு ஆணிவேர் பேக் அடிய ஓட்டை போட்டு வெளிய வந்துருச்சு. வேர அசைச்சா கோவிச்சுக்கிற சாதி, பேக்கோட கிழிச்சி குழியில எறக்கணும். பனி விழுற சனவரிக்கு முன்னாடியா, பின்னாடியான்னு இன்னும் முடிவு பண்ணல.