கிளட்ச் இல்லாத வண்டி

ஏப்ரல் 13

குளிர்காலம் முழுக்க ஒஹாயோ சாலைகளில் கொட்டிய உப்பை மழை கழுவிவிட்டது. இனி டார்ட்டை வெளியே எடுக்கலாம், இந்த வருஷம் ரேஸுக்கும் கொண்டுபோகலாம். 1968 டாட்ஜ் டார்ட், 318 வி8 எஞ்சின், மூன்று கியர் டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக். போன வருஷமே ஒரு கோளாறு இருந்தது. முழுசாக மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி யோசிக்கும். இரண்டாவது கியர் வழுக்கிக்கொண்டே வந்து விழும்.

வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். அம்பாசிடர் ஓட்டியே ஆயுளைக் கழித்தவர். "அட, நம்ம வண்டி மாதிரியே ஸ்டியரிங்ல கியர்! சரி, கிளட்ச் எங்கடா?" இல்லை என்றேன். "அப்புறம் ரேஸ்ல நீ என்னதான் பண்ணுவ?"

ஏப்ரல் 20

வண்டிக்கு அடியில் அரை நாள். இந்தக் கியர்பாக்ஸின் பானில், அதாவது அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியில், வடிகால் திருகு கிடையாது. போல்ட்டுகளைக் கழற்றி ஒரு மூலையைச் சாய்த்து வடிக்க வேண்டும். பாதி எண்ணெய் சட்டியில், பாதி என் சட்டைக் கைக்குள். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பித்தூள் நிறத்தில், அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடையோடு வந்தது.

காரணம் மேலே இருந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் நாலு பேரல் கார்புரேட்டர் மாட்டியிருக்கிறார். அங்கிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பழைய இணைப்புக் கம்பி புதியதோடு சேரவில்லை போல. கட்டுக்கம்பியால் ஓரமாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார். கிக்டவுன் கம்பிதானே, இல்லாவிட்டால் அழுத்தி மிதிக்கும்போது கியர் இறங்காது, அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார். மற்ற சில கியர்பாக்ஸ்களில் அது சரி. டார்க்ஃப்ளைட்டில் அப்படி இல்லை. எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை உள்ளே போய்ச் சொல்வதே இந்தக் கம்பிதான், அதை வைத்துத்தான் எண்ணெய் அழுத்தம் ஏறும். கம்பி அசையாவிட்டால், முழு மிதியிலும் கியர்பாக்ஸுக்கு உள்ளே தானாக இயங்கும் கிளட்ச் தட்டுகளைப் பிடிக்கப் போதிய அழுத்தம் கிடைக்காது. வழுக்கும், கருகும்.

ஏப்ரல் 27

சரியான இணைப்புத்துண்டு வந்தது, கம்பியை மாட்டினேன். மனைவியை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்கச் சொன்னேன். கியர்பாக்ஸ் பக்கத்து நெம்புகோல் கடைசிவரை பின்னால் போகிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு நூல் குறைந்தது. திருகி, மறுபடி மிதி, மறுபடி. "என்னங்க, கால் வலிக்குது" என்ற பிறகுதான் சரியாக நின்றது. இரண்டாவது கியரைப் பிடிக்கும் பட்டையான கிக்டவுன் பேண்டை 72 இன்ச்-பவுண்டுக்கு இறுக்கி, கையேட்டில் சொன்ன சுற்று தளர்த்தினேன். புது ஃபில்டர், புது எண்ணெய். தெருமுனையில் இரண்டாவது கியர் 'டக்' என்று விழுந்தது. அடுத்த தெருவரை சிரித்துக்கொண்டே போனேன்.

மே 10

நார்வாக் டிராக் ஸ்ட்ரிப்பில், அதாவது இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் ஓடும் பந்தயத் தடத்தில், சோதனை ஓட்டம். 1320 அடி, அதாவது கால் மைல். பந்தய டயரை நனைத்துச் சுழற்றிச் சூடாக்கும் இடம் தண்ணீர்ப் பெட்டி. என்னுடையது சாதாரணத் தெரு டயர் என்பதால் அதைச் சுற்றிக்கொண்டு போனேன். டயர் பள்ளங்களில் ஏறும் தண்ணீர், புறப்படும் கோட்டில் சொட்டும். பக்கத்தில் நின்ற பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: என்றைக்காவது டயரைச் சுழற்றிச் சூடாக்கினால், முதல் கியரில் செய்யாதே, இரண்டாவதில் செய். முதல் கியரில் உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் உடைந்தால், டிரம் எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றிச் சிதறுமாம். அந்த டிரம் என் கால்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் மூன்று ஓட்டம் லீவரைக் கையால் மாற்றி: 16.31, 16.48, 16.25 விநாடி. அடுத்த மூன்றும் டி-யில் போட்டுவிட்டுக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டேன்: 16.24, 16.22, 16.23.

என்னைவிட அதுவே நன்றாக மாற்றுகிறது. கொஞ்சம் வருத்தம்தான். 1960களின் தொடக்கத்தில் கிரைஸ்லர் எஞ்சினியர்கள் சேர்ந்து நடத்திய ராம்சார்ஜர்ஸ் குழு, பட்டனை அழுத்தி மாற்றும் டார்க்ஃப்ளைட் வண்டிகளோடு வந்து கிளட்ச்காரர்களின் வாயை அடைத்தது சும்மா இல்லை.

ஜூன் 14

முதல் பிராக்கெட் பந்தயம். நம் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று நாமே வண்டியின் ஜன்னல் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். வேகமான வண்டி அந்த வித்தியாசம் கழித்துப் பின்னால் புறப்படும். எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். நான் எழுதியது 16.20. எதிரில் ஒரு கமாரோ, 11.90.

ஆக, 4.3 விநாடி தனி ஓட்டம். இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி நின்றேன். புறப்படும் விளக்குகளில் மூன்றாவது மஞ்சள் எரிந்ததும் பிரேக்கை விட்டேன். பாதி தூரத்தில் பின்னால் ஒரு சத்தம் கிளம்பியது. தகர ஷெட்டில் ஆலங்கட்டி மழை பிடித்த மாதிரி. கண்ணாடியைப் பார்க்கவே கூடாது என்றிருந்தேன், பார்த்துவிட்டேன். கோட்டை நான்தான் முதலில் தாண்டினேன், ஜெயித்தவருக்கான விளக்கு அவர் பக்கம் எரிந்தது.

ஓடிய நேரம் அச்சடித்த சீட்டைக் கையில் வாங்கினால்: 16.17. சாயங்காலக் காற்று குளிர்ந்திருந்தது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நார்வாக்கின் பேர்போன ஒரு பவுண்டு ஐஸ்க்ரீமை மனைவியும் நானும் பேசாமல் தின்று முடித்தோம். டார்ட்டிலேயே வீட்டுக்கு வந்தோம், ஏசி கிடையாது.

ஜூன் 15

கடைசியில் காலைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று ராத்திரி முழுக்கப் புலம்பினேன். காலையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அவர் புறப்பட 0.09 எடுத்தார், ஓட்டம் 11.94, என் முன்சலுகை 4.30: மொத்தம் 16.33. எனக்குப் புறப்பட 0.14. சரியாக 16.20 ஓடியிருந்தாலும் 16.34. எப்படியும் தோல்விதான்.

அப்பாவிடம் சொன்னேன். "வண்டி சரியாத்தான் இருக்கு. உன் கால்தான் லேட்டு" என்றார்.

மேஜைக்கு அடியில் பயிற்சி செய்கிறேன். மனைவி டார்ச்சை அணைத்து அணைத்துப் போடுகிறாள்.