காடா, கரடா?: பழைய நூலொன்றைப் பல வடிவங்களுக்கு மாற்றிய அனுபவம்

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் 2003இல் வெளியிட்ட 96 பக்கக் கட்டுரைத் தொகுப்பு இப்போது அச்சில் இல்லை. அதை மின்னூலாக்கும் பொறுப்பைச் சென்ற ஆண்டு ஏற்றபோது, கைப்பேசியில் மட்டுமே படிக்கும் என் தங்கையும், சிறிய எழுத்தைப் படிக்க இயலாத ஆசிரியரின் துணைவியாரும், பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவரும் என் மனத்தில் இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கித் தருவதற்கு 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் இந்நூல் எல்லோருக்கும் உரியதாக வேண்டும் என்பதால், ஆசிரியரிடம் எழுத்துவழி இசைவு பெற்றேன்.

கிடைத்தது ஒரு பிடிஎஃப் கோப்பு. திரையில் அழகாகத் தெரிந்த வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்து விழுந்தன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய ஒருங்குறி (யூனிகோடு) பரவலாகும் முன்பு தட்டச்சான கோப்புகள் பலவற்றின் நிலை இதுதான். அவற்றில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கிடக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வர வேண்டும். எழுத்துரு மாற்றி இதைச் சில நொடிகளில் சரிசெய்துவிட்டது.

ஔகாரத்தில்தான் நான் பல நாள் உழன்றேன். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் வடிவம் ஒன்றே என்பதால், 'மௌனம்' என்பது 'மெளனம்' என்றும் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்றும் மாறி வந்தன. கண்ணால் படிப்பவருக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானில் இஸ்பீக் என்னும் கணினிக் குரல் அதனை 'மெ-ள-னம்' என்று படித்ததை அம்மாணவர் சொல்லிக்காட்டியபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றினால் 'வெளி', 'தெளிவு', 'கெளுத்தி' முதலிய சொற்கள் சிதைந்துவிடும். எனவே ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடுவது, வெறும் ளகரமாக இருந்தால் நிறுத்திப் பார்ப்பது என்று வகுத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்தையும் நேரில் பார்த்தே திருத்தினேன். அச்சுக்காக வரி முடிவில் கையால் இட்ட சிறுகோடுகள், கைப்பேசியில் வரி மாறியதும் 'புத்த-கம்' என்று நடுவில் வந்து நின்றன, அவற்றையும் நீக்கினேன்.

பின்னர் லிப்ரே ஆபீஸ் என்னும் எழுது மென்பொருளில் தலைப்புகளை, வெறுமனே தடித்த எழுத்தாக விடாமல், முறையான தலைப்புப் பாணியில் அமைத்தேன். அப்படி அமைத்தால்தான் இபப் என்னும் மின்னூல் கோப்பில் உள்ளடக்கம் தானாக உருவாகும்; திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் ஒரே விசையில் அடுத்த கட்டுரைக்குச் செல்ல முடியும். ஒளிப்படங்களுக்கு விளக்கவரி எழுதினேன். அம்மையாருக்கு அதே கோப்பை 20 புள்ளி எழுத்தில், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு, அச்சிட்டுக் கொடுத்தேன்.

நூலின் இறுதியில் உள்ள நீண்ட கவிதையை மட்டும் மாணவர் பிரெயிலில் கேட்டார். கவிதையைக் காதால் கேட்பதைவிட விரலால் வரிவரியாகத் தொட்டுப் படிக்கவே விரும்புவதாகச் சொன்னார். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் கொம்புக்கும் காலுக்கும் தனிக்குறிகள் இல்லை. மெய்யை அடுத்து உயிரெழுத்தின் குறியே வரும் என்பதால், ஒருங்குறியில் எழுத்துகள் சரியாக இருந்தால் மென்பொருளின் மாற்றமும் பெரும்பாலும் சரியாகவே அமைகிறது. தாள்கள் கைக்கு வந்த மறுநாளே அவர் அழைத்தார். "அக்கா, ஒன்பதாம் வரியில் இருப்பது காடா, கரடா? குரலில் கேட்டபோது மலைக்கரடு என்றே நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த வரியில் மரங்கள் வருகின்றனவே" என்றார். மூலத்தைத் தட்டச்சு செய்தவர் காலுக்குப் பதிலாக ரகரத்தை இட்டிருந்தார். மூன்று முறை மெய்ப்புப் பார்த்த என் கண்ணுக்கு அது கடைசிவரை 'காடு' என்றே தெரிந்திருக்கிறது. அன்றிரவே எல்லா வடிவங்களிலும் அந்த ஓர் எழுத்தைத் திருத்தி, கவிதையின் அந்தத் தாளை மட்டும் மீண்டும் பிரெயிலில் அச்சிடக் கொடுத்தேன்.