நீர்போகக் கிழங்கை எப்போது நடுவது?

நீலகிரியில் நீர்போகத்துக்கு, அதாவது ஜனவரி-பிப்ரவரியில் நட்டுப் பாசனத்தில் எடுக்கிற போகத்துக்கு, உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் பலரும் ஜனவரி மாத ஓடையைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்கிறார்கள். கணக்கு இடிப்பது அங்கேதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு ஓடை நிறைவாகத்தான் ஓடும். கிழங்குக்குத் தண்ணீர் அதிகம் வேண்டியிருக்கும்போது மார்ச் பிறந்திருக்கும், ஓடையும் இளைத்திருக்கும்.

நட்ட 35-40ஆம் நாளில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும். அங்கிருந்து ஏறக்குறைய 80ஆம் நாள் வரை மண் காயவே கூடாது. பிடிக்கிற நேரத்தில் காய்ந்தால் எண்ணிக்கை குறையும். பருக்கிற நேரத்தில் காய்ந்தால் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும். காய்ந்து கிடந்த வயலில் திடீரென்று கோடை மழை கொட்டினால் இன்னும் மோசம். நின்றுபோன கிழங்கு மறுபடி வளர ஆரம்பித்து, முண்டும் முடிச்சுமாக, வெடிப்போடு வரும். மண்டியில் அதைக் கழித்துக் கட்டிவிடுவார்கள்.

ஜனவரி 15 வாக்கில் நட்டால் பிப்ரவரி கடைசியில் கிழங்கு பிடித்து, ஏப்ரல் முதல் வாரத்தோடு நெருக்கடி தீர்ந்துவிடும். பிப்ரவரி 20இல் நட்டாலோ ஏப்ரல் முழுக்கத் தண்ணீர் வேண்டும். அது கோடை மழையை நம்பி ஆடுகிற சூதாட்டம். அப்படியானால் டிசம்பரிலேயே நட்டுவிடலாமே என்றால், உறைபனி விடாது. பள்ளத்து வயலில் முளை வெளியே வந்ததும் கருகும். சரிவில் குளிர்காற்று கீழே வடிந்துவிடும் என்பதால், அங்கே மட்டும் சில நாள் முந்தலாம்.

பரப்பளவை மார்ச் ஓடையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 15 லிட்டர் பக்கெட் நிறைய 30 வினாடி ஆகிறது என்று வையுங்கள். நாளொன்றுக்கு 43,200 லிட்டர். பாதியைக் கீழே இருக்கிறவர்களுக்கு விட்டால் மிச்சம் 21,600. கிழங்கு பருக்கும்போது தினமும் 4 மில்லிமீட்டர் தேவை என்றால், ஏக்கருக்குச் சுமார் 16,000 லிட்டர். ஸ்பிரிங்க்ளரில் காற்றோடும் ஆவியாகவும் கால் பங்கு போகும் என்று கொண்டால், 21,300 லிட்டர் இறைக்க வேண்டும். ஆக, அந்த ஓடைக்கு ஒரு ஏக்கர்தான். அதுவும் இரவில் வரும் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி இருந்தால்தான். மீதி நிலத்தில் பட்டாணி போடலாம். கேரட் வேண்டாம்: விதைத்த முதல் இரண்டு வாரம் மேல்மண் காயாமல் அது தினமும் நீர் கேட்கும்.

தேதியைக் காப்பாற்றுவது விதைக்கிழங்குதான். கடைபோகத்தில் (ஆகஸ்ட்-செப்டம்பர் நடவு) தோண்டிய புதுக் கிழங்கு உறக்கம் கலையாமல் இருக்கும். அதை ஜனவரியில் நட்டால் முளை ஒழுங்கில்லாமல் வரும், அந்தத் தாமதம் அப்படியே ஏப்ரலில் தலைகாட்டும். முந்தைய கார்போகத்தில் (ஏப்ரல்-மே நடவு) எடுத்து வைத்ததே சரி. நேர்வெயில் படாத வெளிச்சத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பச்சையாக, தடித்த முளை வந்த பிறகு நடுங்கள். வெள்ளையாக நீண்ட முளை கை பட்டாலே ஒடிந்துவிடும்.

ஸ்பிரிங்க்ளரைக் காலையில் ஓட்டுங்கள். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாகவே இருந்து பின்பருவக் கருகல் நோயை அழைத்து வரும். பார் (கிழங்கு நட்ட மண்மேடு) நடுவே 15 சென்டிமீட்டர் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தோண்டுவதற்குப் பத்து நாள் முன்பே பாசனத்தை நிறுத்தினால் தோல் இறுகும், மூட்டையில் உரியாது.