ஹைப்போ லைனைச் சுருக்கிய கதை

கடந்த கோடையில் எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், கிருமிகளைக் கொல்லும் குளோரின் திரவமான ஹைப்போ செல்லும் லைனைக் கழற்றியபோது, ஓர் அங்குலக் குழாயின் உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் சுண்ணாம்பு. கத்தி முனையால் நெம்பினால் தேங்காய்ச் சில்லைப் போலப் பெயர்ந்து வந்த அந்தப் படிவத்தை எங்கள் மூத்த ஆபரேட்டர் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இதைக் கரைக்கத்தான் சார் மாசா மாசம் ஆசிட் வாங்கினோம்" என்றார்.

எங்கள் நிலையத்திற்கு நாளொன்றுக்கு வருவது 60 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 30 கிலோ. 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டாக (அதுதான் ஹைப்போ) கணக்கிட்டால் 300 லிட்டர், அதாவது மணிக்குப் பன்னிரண்டரை லிட்டர். இந்தப் பன்னிரண்டரை லிட்டரை, குளோரின் வேலை செய்யத் தண்ணீர் தங்கிப் போகும் கான்டாக்ட் டேங்கில் சேர்ப்பதற்காக 5,000 லிட்டர் தொட்டி, அதற்குக் கீழே ஒரு நாள்தொட்டி, சவ்வை அசைத்துத் தள்ளும் இரண்டு டயாஃப்ரம் பம்புகள், பின்னழுத்த வால்வு, தண்ணீர் கலந்து தள்ள இன்னொரு பம்ப், குழாய்க்குள் அசையாத தகடுகளால் கலக்கும் ஸ்டாட்டிக் மிக்ஸர், தண்ணீரில் மிஞ்சும் குளோரினை அளக்கும் எச்சக் குளோரின் அனலைசர், பம்பைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி. என்று ஒரு பட்டாளமே நின்றிருந்தது. இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, முன்னால் வைத்த ஒன்று கொடுத்த தொல்லையைச் சமாளிக்கப் பின்னால் வந்து சேர்ந்தவை.

குளோரின் வாயுவை விட்டு ஹைப்போவுக்கு மாறியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 900 கிலோ டோனர் (குளோரின் அடைத்த பெரிய உருளை) ஒன்று கசிந்தால், காற்றைப் போல இரண்டரை மடங்கு கனமான அந்த வாயு தரையோடு ஊர்ந்து பக்கத்துத் தெருவுக்குள் போய்விடும். 2010 ஜூலையில் மும்பைத் துறைமுகப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய சிலிண்டர் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். வாஷிங்டனின் புளூ பிளெய்ன்ஸ் நிலையமோ, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ரயில் வேகன்களில் நின்ற திரவக் குளோரினைச் சில வாரங்களிலேயே அப்புறப்படுத்தி ஹைப்போவுக்கு மாறியது. ஆனால் வாயுவுக்காகக் கட்டிய அறையிலேயே ஹைப்போவையும் கொண்டுவந்து வைத்ததில்தான் எங்கள் சிக்கல் தொடங்கியது.

அந்த அறை, பாதுகாப்புக் கருதி, கான்டாக்ட் டேங்கிலிருந்து 80 மீட்டர் தள்ளிக் கட்டப்பட்டது. ஓர் அங்குலக் குழாயில் மீட்டருக்கு அரை லிட்டர் கொள்ளும் என்று வைத்தால், 80 மீட்டருக்கு 40 லிட்டர். மணிக்குப் பன்னிரண்டரை லிட்டர் போகும் லைனில் காலையில் கூட்டிய டோஸ் தண்ணீரை எட்ட மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும். அதைச் சரிக்கட்டத்தான் போர்வெல் தண்ணீரைக் கலந்து தள்ளும் பம்ப் வந்தது. ஹைப்போவின் பி.எச். 12-க்கு மேல், அதாவது கடும் காரம்; எங்கள் போர்வெல் தண்ணீரோ உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. இரண்டும் குழாய்க்குள் சந்தித்தால் கால்சியம் கார்பனேட் என்ற அந்தச் சுண்ணாம்பு படியாமல் என்ன செய்யும்?

ஆகவே தொட்டியையே தண்ணீரின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். இப்போது லைனின் நீளம் 4 மீட்டர், குழாய் மெல்லியது, கலப்பதற்குத் தண்ணீர் கிடையாது. ஸ்டாட்டிக் மிக்ஸரையும் எடுத்துவிட்டு, வாய்க்காலில் நீர் குதித்து விழும் இடத்திலேயே ஹைப்போவைச் சொட்டவிட்டோம். விழும் நீரே கலந்துகொள்கிறது.

தொட்டியின் அளவையும் குறைத்தோம். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஹைப்போ சிதையும் வேகம் ஏறக்குறைய மூன்றரை மடங்காகும். வெயிலில் நிற்கும் பெரிய தொட்டியில் பதினாறு நாள் சரக்கை வாங்கி நிரப்பினால், கடைசி நாள்களில் நாம் டோஸ் செய்வது பாதி உப்புத் தண்ணீர். இப்போது கூரைக்குக் கீழே 1,000 லிட்டர் தொட்டிகள் இரண்டு நிற்கின்றன. லாரி அடிக்கடி வருகிறது என்று ஸ்டோர்ஸில் முணுமுணுத்தார்கள்.

சிதையும் ஹைப்போ ஆக்சிஜனை விடும். அந்தக் குமிழி டயாஃப்ரம் பம்பின் தலையில் மாட்டிக்கொண்டால், பம்ப் டக் டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டும் போகாது. இரவுப் பணியில் இருப்பவர் அந்த ஓசையின் வித்தியாசத்தைக் கேட்டு எழுந்துபோய் ஸ்பேனரால் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவது எங்கள் நிலையத்தின் எழுதப்படாத நடைமுறையாக இருந்தது. இப்போது ரப்பர் குழாயை உருளைகள் பிழிந்து தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்பைத் தொட்டியின் அடிமட்டத்திற்குக் கீழே வைத்திருக்கிறோம். குழாயை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பந்து திரும்பித் திறந்து மூடும் சாதாரண பால் (ball) வால்வுகளையும் மாற்றினோம். மூடிய வால்வின் பந்துக்குள் சிக்கிய ஹைப்போ வாயுவாகி, வால்வையே வெடிக்க வைக்கும் என்பதால், வாயு வெளியேறப் பந்தில் துளையிட்ட வகையே ஹைப்போவுக்கு ஏற்றது.

பம்பைக் கட்டுப்படுத்தும் வேலையிலிருந்து அனலைசரை விடுவித்ததற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. கான்டாக்ட் டேங்கின் கடைசியில் நின்று அளக்கும் கருவி, அரை மணி நேரத்திற்கு முன் டோஸ் செய்த தண்ணீரைப் பார்த்து இப்போதைய பம்பைத் திருத்துவது, மழை விட்ட பிறகு குடை விரிப்பதற்குச் சமம். டோஸ் நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கையில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 ஆக இருந்த மலக்கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) வரம்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் 230 ஆகக் குறைத்த பின், கருவி இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். இப்போது பம்ப், நீரோட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரை மட்டும் பின்தொடர்கிறது. எச்சக் குளோரினை ஷிஃப்டுக்கு இரண்டு முறை, குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரை போட்டுப் பார்த்து லாக் புக்கில் எழுதுகிறோம்.

அந்த மாத்திரைதான் ஒரு நாள் எங்களைக் காப்பாற்றியது. டோஸ் சரியாகப் போய்க்கொண்டிருக்க, குப்பியில் இளஞ்சிவப்பு நிறமே வரவில்லை. ஹைப்போவைக் கூட்டியும் பயனில்லை. பிறகு நைட்ரைட் பார்த்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் அளவுக்கு இருந்தது. நைட்ரைட் நைட்ரஜன் 1 மில்லிகிராம் சுமார் 5 மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். ஆக, எங்கள் முழு டோஸைப் போல இரண்டு மடங்கு அங்கேயே போயிற்று. காரணத்தைத் தேடிப் போனால், கழிவுநீருக்குக் காற்று ஊட்டும் ஏரேஷன் தொட்டியின் புளோயர் பெல்ட் நழுவிக்கொண்டிருந்தது. காற்று குறைந்ததால் அம்மோனியா முழுதும் மாறாமல் நைட்ரைட்டாகவே நின்றுவிட்டது. பழைய அமைப்பாக இருந்தால் பி.எல்.சி. பம்பை முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்காது.

ஒரு யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. படிகாரக் கரைசலுக்கும் ஹைப்போவுக்கும் லாரியிலிருந்து இறக்க ஒரே குழாய் போதுமே என்று சொன்னார்கள். படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உடையது. அது ஹைப்போவில் கலந்தால், எதற்குப் பயந்து டோனரை அனுப்பினோமோ அந்த வாயுவே கிளம்பும். இரண்டு குழாய்களையும் எதிரெதிர் மூலைகளில் வைத்து, ஒன்றின் ஹோஸ் மற்றொன்றில் பொருந்தாதபடி வெவ்வேறு அளவு கப்ளிங் போட்டிருக்கிறோம். லாரி ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் அடாப்டர் கேட்கிறார். கொடுப்பதில்லை.