பனியில் பேசாதவன்

ஜூன் 6, வெள்ளி

ராத்திரி 'தி கிரேட் சைலன்ஸ்' பார்த்தேன். 1968இல் செர்ஜியோ கார்புச்சி எடுத்த இத்தாலிய வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம். வெயில், புழுதி எதுவும் கிடையாது, படம் முழுக்கப் பனி. 1899 பெரும் பனிப்புயலுக்குச் சற்று முன் அமெரிக்காவின் யூட்டாவில் நடக்கிற கதை. நாயகன் சைலன்ஸுக்குப் பேச்சு வராது. அப்பா அம்மாவைக் கொன்றவர்கள், சிறுவன் வெளியே சொல்லிவிடக் கூடாது என்று அவன் குரல்வளையை அறுத்திருக்கிறார்கள். ஜான் லூயி திரெந்தின்யான் கண்ணாலேயே நடித்திருக்கிறார்.

ஜூன் 7, சனி

நாள் முழுக்க அதே நினைப்பு. சைலன்ஸ் முதலில் துப்பாக்கியைத் தொடமாட்டான். எதிரியைச் சீண்டி எடுக்கவைத்து, அப்புறம்தான் சுடுவான். சட்டப்படி அது தற்காப்பு. வில்லன் லோகோவுக்கும் சட்டம்தான் துணை. தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைச் சுட்டு, பிணங்களைப் பனியில் புதைத்துவைத்து, பிறகு எடுத்துக் காசாக்குகிறான். கிளவுஸ் கின்ஸ்கி அவனை எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசவைக்கிறார்! பேச்சு முழுக்க அவன் பக்கம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பெரியப்பா வந்திருந்தார். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்து நாலு வருஷம் ஆகிறது. டம்ளரில் மோதிரத்தைத் தட்டித்தான் எங்களைக் கூப்பிடுவார். போட்டுக் காட்டலாமா என்று தயங்கினேன், அவரே போடச் சொல்லிச் சைகை காட்டினார்.

சிறுவனின் கழுத்தில் கத்தி இறங்கும் காட்சியில் அவர் கை கழுத்துத் துணிக்குப் போனது. காட்சி முடிந்தும் அங்கேயே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் சைலன்ஸின் கை நெருப்பில் வெந்துவிடுகிறது. அப்படியும் லோகோ முன்னால் போய் நிற்கிறான், சாகிறான். அவனை நம்பிய பாலின் என்ற பெண்ணும் சாகிறாள். ஊமையாக இருப்பதற்கு ஈடாகக் கார்புச்சி அவனுக்கு ஓர் அற்புத சக்தியும் தரவில்லை. நான் மதிப்பது அதைத்தான்.

அவன் பிழைத்து, வெந்த கையில் இரும்புக் கவசத்தோடு நிற்கும் இன்னொரு முடிவையும் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். பெரியப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். நோட்டை இழுத்து எழுதினார்: "அந்தப் பொம்பளை இவன்கிட்டப் பேசுற இடம் மட்டும் இன்னொரு தடவை போடு."

போட்டேன். பாலினாக நடித்த வொனெட்டா மெக்கீயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனது.