பூட்டு மாற்றிய வீடு

பாம்பன் பக்கம் ஒரு கடற்கரை ஊர், பெயர் வேண்டாம். கடல்பாசி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவள், கதவில் வேறு பூட்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். அப்படியே பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் நான் சட்டத் தன்னார்வலராக உட்காரும் இடத்துக்கு வந்துவிட்டாள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. மேசையில் கையை வைத்ததும் மணல் உதிர்ந்தது.

"தங்க இடம் இருக்கா?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

எத்தனை வருடமானாலும் இந்தக் கேள்விதான் வாயில் வருகிறது. அம்மா வீடு, அக்கா வீடு, இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு போன். அடிபட்டவளை அங்கிருந்து கிளப்புவதுதான் உதவி என்று பழகிவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எனக்கு எதுக்குக்கா வேற எடம்? எம் மக புத்தகப்பை, கேஸ் அடுப்பு எல்லாம் உள்ள கெடக்கு. பூட்டைத் தொறக்கச் சொல்லுங்க."

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. சொத்தில் பங்கு இருக்க வேண்டியதில்லை. புருஷனையே வெளியேறச் சொல்லவும் 19-ஆம் பிரிவில் வழியுண்டு.

போனில் கேட்டதற்கு அவன், "வீடு எங்கம்மா பேர்ல இருக்கு" என்றான். முன்பென்றால் அதோடு எங்கள் வாய் அடைத்திருக்கும். மாமியாரின் வீட்டில் மருமகள் உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2006-இல் சொல்லியிருந்தது. 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை மாற்றியது. உறவினர் பெயரில் இருந்தாலும், நிலையாகக் குடித்தனம் நடத்திய வீடு என்றால் போதும்.

(கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து இருக்கும் வழக்கம் பழையது. அங்கிருந்தும் பெண்கள் வருவார்கள். பூட்டு மாற்றிய கதையை மட்டும் நான் கேட்டதில்லை.)

குடித்தனம் நடத்தியதைக் காட்ட வேண்டுமே! ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள். கடைசியில் அவள் தங்கையின் போனில் ரேஷன் கார்டு போட்டோ ஒன்று அகப்பட்டது. பொங்கல் பரிசு வாங்க எடுத்ததாம். இந்தச் சட்டத்துக்கென அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுதினார். மனு கொடுத்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை என்பது சட்டத்தின் கணக்கு. எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது. அதுவரை மகளோடு தங்கை வீட்டுத் திண்ணையில் கிடந்தாள்.

அவள் அந்த வீட்டில் இருக்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. ஆனால் வீட்டைவிட்டு வெளியேறும்படி ஒரு பெண்ணுக்கு உத்தரவிட அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆக, மாமியார் உள்ளேயேதான் இருப்பார். அடுப்படியில் அந்த இருவருக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதை எந்த உத்தரவில் எழுதுவது?

நாலு நாள் கழித்து போன் செய்தாள். "அக்கா, பூட்டுக்கு இன்னொரு சாவி போட்டு வச்சுக்கிட்டா கோர்ட்ல தப்புன்னு சொல்வாங்களா?"

"போட்டுக்க" என்றேன்.

"சரி. போட்டாச்சு."